எந்த இடத்து மண்ணை முதலில் அள்ளுவது?

ஆற்றங்கரை நகரம் ஒன்றின் நடுவில் யாருக்கும் வேண்டாத நிலம் ஒன்று கிடந்தது. அது எல்லோருக்கும் வேண்டியதாகிப்போன நாளில் இந்தக் கதை தொடங்குகிறது.

முன்பு அங்கே பெரிய சாயப்பட்டறை இருந்தது. பட்டறையை மூடிப் பல வருடங்கள் ஆகியும் ரசாயனம் மண்ணை விட்டுப் போகவில்லை. சாயத் தொட்டிகள் இருந்த மேட்டில் இப்போது ஆமணக்குச் செடிகள்தான். மேட்டுக்குக் கீழே, பழைய தொழிலாளர்களின் குடும்பங்கள் வசிக்கும் தெரு. தெருக்கோடியில் அங்கன்வாடியும் அதன் மைதானமும்.

மேட்டை ஒட்டிய முதல் வீடு மரகதத்துடையது. அவளுடைய மூன்று வயது மகன் இனியனுக்கு மண் என்றால் தனிப் பிரியம். மாலையில் அங்கன்வாடியிலிருந்து அவனைக் கூட்டிவரப் போனால், முதலில் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இடுப்பில் தூக்கிக்கொள்வாள். அவன் உள்ளங்கையில் தடிப்பு வருவதும் ஆறுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் தேங்காயெண்ணெய் தடவி, அவன் தூங்கிய பிறகும் அந்தக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

தினமும் வாசலில் அவள் பெரிய கோலமாகப் போடுவாள். மழை பெய்தால் கோலப்பொடி சிமெண்ட் தெருவில் கரைந்தோடி, ஊதா நிறம் ஏறி, அங்கன்வாடி வாசலில் போய்த் தேங்கும்.

“போடுறது நீ, கூட்டறது நானா?” என்று ஜோசபின் டீச்சர் அவளைக் கேலி செய்வார்.

போன வருடம் கவுன்சிலர் தனபால் லாரியில் நல்ல செம்மண் கொண்டுவந்து மைதானத்தில் கொட்டினார். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, அதுவும் கறுத்துப்போனது. லாரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரே அவனைத் திட்டியது.

இந்த வருடம் அரசே நிதி ஒதுக்கியது. நஞ்சு மண்ணை ஆழமாகத் தோண்டி அகற்றி, நல்ல மண்ணை நிரப்பி, நிலத்தை மக்களுக்கே திருப்பித் தரும் திட்டம். ஆனால் முதல் தவணை ஓர் இடத்துக்குத்தான் போதும். மழைக்காலம் முடிந்ததும் அந்த இடத்தின் மண்ணைச் சோதிப்பார்கள். சுத்தமாக இருந்தால்தான் அடுத்த தவணை வரும்.

பொறியாளர் நஸ்ரின் தெருவாசிகளைக் கூட்டி, எங்கே தொடங்கலாம் என்று கேட்டாள்.

ஜோசபின் டீச்சர் மைதானம் என்றார். பெரியவர்கள் செருப்புப் போட்டு நடப்பார்கள், குழந்தைகள் அந்த மண்ணிலேயே புரள்கிறார்கள் என்றார்.

தனபால் மேட்டிலும் வீட்டு வாசல்களிலும் மைதானத்திலும் சமமாக, மேலாக மட்டும் சுரண்டிவிடலாம் என்றார். ஒருத்தருக்குச் செய்து ஒருத்தருக்குச் செய்யாமல் விட்டால் நாளைக்குத் தெருவில் தலைகாட்ட முடியுமா என்பது அவர் கவலை.

தெருவின் சார்பில் பேச மரகதத்தை எழுப்பினார்கள். மைதானம் என்றுதான் சொல்வாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தோளில் தூங்கும் மகனைச் சரிசெய்துகொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள்.

“மேட்டைத் தோண்டுங்க. மைதானத்தை அதுவரைக்கும் பூட்டி வைங்க.”

கூட்டம் சலசலத்தது. ஆளே இல்லாத மேட்டுக்கு அரசாங்கக் காசா என்றார் ஒருவர்.

“மேடு சுத்தமானா அம்மிணி வீட்டுக்கு நல்ல விலை வருமுங்க” என்றார் இன்னொருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

மரகதத்துக்கு முகம் சிவந்தது. மேற்கொண்டு விளக்க நிற்காமல் கூட்டத்தை விட்டு வெளியே நடந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இருவரும் பல வருடப் பழக்கம்.

“உன் பிள்ளையும் அந்த மைதானத்துலதான் விளையாடுறான், மரகதம்.”

“அதனாலதான் டீச்சர்.”

அவள் போய்விட்டாள். மைதானம், மூன்றுக்கும் சமபங்கு, மேடு என்று எழுதிக்கொண்ட நஸ்ரின் பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள்.

நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: மரகதம் சொன்னதே சரி. அவள் வாசல் கோலம் அங்கன்வாடி வரை போகிறது என்றால், மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீரும் அதே வழியில்தான் போகும். பொடியில் ஏறிய ஊதா நிறம் தொட்டிகள் இருந்த மண்ணிலிருந்து வந்தது. லாரிக்காரன் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் கொண்டுவந்த நல்ல மண்ணை மேடுதான் கெடுத்தது. மைதானத்தை முதலில் மாற்றினால் ஒரே மழையில் அது பாழாகும், அடுத்த தவணையும் வராது. மேலாகச் சுரண்டினால் மூன்று இடத்திலும் நஞ்சு அடியில் தங்கிவிடும். ஆனால் டீச்சரின் பயமும் பொய்யில்லை. அதனால்தான் மைதானத்தைப் பூட்டச் சொன்னாள் மரகதம். சிரித்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. நஸ்ரின் வாங்கினாள். குழந்தைகள் ஒரு வருடம் நூலக மாடியில் விளையாடினார்கள். மேட்டைத் தோண்டி முடித்த பிறகு வந்த முதல் மழையில், கோலப்பொடி வழக்கம்போல் அங்கன்வாடி வாசலுக்கு வந்து சேர்ந்தது, வெள்ளையாகவே. ஜோசபின் டீச்சர் அன்று அதைக் கூட்டவில்லை.