கடைசி இலையிலிருந்து

சுரங்கம் தன் பள்ளத்தில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தது. அந்த நீர் குழாய் வழியே அதிகாரிகளின் குடியிருப்புக்குப் போனது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வெள்ளாங்காட்டில் கிணறுகள் வற்றிவிட்டன. அங்கே லாரித் தண்ணீர்தான். அதுவும் வந்தால்.

நாளை காலை சுரங்கத்தின் வாயிலை மறித்து உட்காருவது என்று ஊர் முடிவு செய்திருந்தது.

அந்த ஊர்க்காரனான அமிர்தலிங்கம் பக்கத்து மடத்தில் சீடன். குருவான சிவகாமி அம்மையிடம் வந்தான்.

"அம்மா, சுரங்க மேலாளர் என்னை அழைத்தார். குடியிருப்பின் தேவை முடிந்ததும் ஊருக்கும் தானாகக் குழாய் வருமாம். அதுவரை ஊரைப் பொறுத்திருக்கச் சொல் என்கிறார்."

"நீ என்ன சொன்னாய்?"

"யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எது சரி, அம்மா? பொறுப்பதா, மறிப்பதா?"

"இலை போட்டாகிவிட்டது. வாளியை எடு."

அன்று மடத்தில் குருபூசை. பந்தியின் தலைப்பில், முதல் இலைகளில், மேலாளரும் குடியிருப்புக்காரர்களும் அமர்ந்திருந்தார்கள். கோடியில், கடைசி இலைகளில், வெள்ளாங்காட்டார். வழக்கமாகத் தலைப்பிலிருந்துதான் பரிமாறுவார்கள். கோடிக்கு வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும்.

சிவகாமி நேராகக் கோடிக்குப் போனார். சோறு, சாம்பார், கூட்டு, பாயசம். பிறகு மறு சோறு.

மேலாளர் குரல் கொடுத்தார். "அம்மா, இங்கே ஒரு பருக்கைகூட விழவில்லை."

"இவர்கள் வயிறு நிறையட்டும் ஐயா. தானாக வரும்."

மேலாளரின் முகம் சிவந்தது.

கோடியில் ஏகாம்பரம் பிசைந்த சோற்றை வைத்துவிட்டுக் கையை உதறினான். சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி அவன். "அவங்க எலை காலியா கெடக்குதும்மா. எனக்கு எறங்கல."

"எறங்கலன்னா பாயசத்த இப்பிடித் தள்ளு," என்றாள் அவன் மனைவி.

ஏகாம்பரம் எழுந்தான். கை கழுவினான். சோற்று வாளியை வாங்கிக்கொண்டு போய் மேலாளரின் இலையில் போட்டான். மேலாளர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

பந்தி முடிந்தது. எச்சில் இலைகளை எடுத்தபடி அமிர்தலிங்கம் சொன்னான்: "புரிந்தது அம்மா. எங்கள் ஆட்களுக்குப் பெரிய மனசு. இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன்."

"ஏகாம்பரம் எழுந்ததைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"இத்தனை வருடத்தில் தலைப்பிலிருந்து யாராவது வாளியோடு கோடிக்கு நடந்ததுண்டா?"

அமிர்தலிங்கம் கையிலிருந்த இலைகளைக் கீழே வைத்தான்.

"இல்லை," என்றான். "காலையில் நானும் வாயிலில் உட்காருகிறேன்."

"கொஞ்சம் தள்ளி உட்கார்," என்றார் சிவகாமி. "எனக்கும் இடம் வேண்டும்."