ஏஐக்குப் பாடம் எடுத்த மூவர்

ராசிபுரத்தில் மாதேசன், குப்பண்ணன், பூவரசன் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார்கள். புரோகிராம் எழுதுவது ஏஐ. அது எழுதுவதை வேடிக்கை பார்ப்பது இவர்கள். வேலை முதுகை முறிக்கிறது என்று மூவருமே அலுத்துக்கொள்வார்கள்.

செங்கோடனின் கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு செய்யும் புரோகிராமை ஏஐ எழுதிக் கொடுத்தது. முதல் முகூர்த்தத்திலேயே இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ரசம் யாருடையது என்பதில் கைகலப்பே நடந்தது.

செங்கோடன் நேரே கம்பெனிக்கு வந்துவிட்டார். "ஏப்பா பூவரசா, ஆவணியில உன்ற கல்யாணமும் இங்கதான். அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா பொண்ணு வீட்டுக்காரங்க வண்டியேறிப் போயிருவாங்க, பாத்துக்க."

பூவரசன் உடனே போனைக் கையில் எடுத்தான். பாவம், வருஷக்கணக்கில் தேடிக் கிடைத்த பெண். கோயமுத்தூரில் ஏஐ பற்றித் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டான்.

"அது செஞ்ச பழைய வேலைய அதுக்கே காட்டுங்க," என்றார் அவர். "எது சரி, எது தப்புன்னு பக்கத்துல எழுதி வைங்க. தப்புல இருந்து கத்துக்கும்."

உடனே பழைய வேலையைப் பிரிண்ட் எடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் விரித்துப் பிடித்தார்கள். மத்தியானம் வரை கை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். அது படித்த மாதிரியே தெரியவில்லை. குப்பண்ணன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் திரைக்கு மாட்டிவிட்டான்.

டைப் அடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று கோயமுத்தூர்க்காரர் மறுபடி விளக்கினார். அப்போதுதான் மாதேசனுக்குப் பெரிய சந்தேகம் வந்தது.

"அது ஒரே ஒரு தப்புத்தான பண்ணியிருக்குது? அதுல இருந்து என்னத்தக் கத்துக்கும்?"

"நெசந்தான்," என்றான் குப்பண்ணன். "நான் கணக்குல எத்தனை தடவை பெயிலானேன்! அதனாலதான் எனக்கு இவ்வளவு அனுபவம்."

"அப்ப இன்னும் தப்புப் பண்ணச் சொல்லுங்கப்பா," என்றான் பூவரசன்.

சொன்னார்கள். ஏஐ மரியாதையாக மறுத்தது. கூடவே, ஒரு முகூர்த்தத்துக்கு ஒரே கல்யாணம் என்று புரோகிராமையும் திருத்திக் கொடுத்தது.

"போச்சு. இது தேறவே தேறாது," என்று பூவரசன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

வேறு வழியில்லாமல், அதன் பெயரில் இவர்களே தப்புகளை எழுதினார்கள். ஒரு முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம், நான்கு கல்யாணம், ஆறு கல்யாணம். பக்கத்தில் 'தப்பு' என்று எழுதப்போன மாதேசனின் கையைக் குப்பண்ணன் பிடித்துக்கொண்டான்.

"இத்தனை தப்பையும் பாத்தா அதுக்கு மனசொடிஞ்சு போயிராதா? என்ற கணக்கு வாத்தியாராட்டம் நாமளும் நடந்துக்கலாமா?"

மூவருக்கும் கண் கலங்கியது. எல்லாவற்றுக்கும் 'சரி, பிரமாதம்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஏஐ கவனமாகக் கற்றுக்கொண்டது. ஆவணி முகூர்த்தத்தன்று மண்டபத்தில் ஆறு மாப்பிள்ளைகள். பூவரசனின் பெண் வீட்டார் வண்டியில் ஏறியே உட்கார்ந்துவிட்டார்கள். செங்கோடன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவர்களை இறக்கி, மேடையை ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று பங்கு போட்டார். பூவரசன் ஓடிப் போய்த் தாலி கட்டிவிட்டு ஓடி வந்தான்.

"அடுத்த கல்யாணத்துக்காவது மண்டபத்த ஒழுங்காப் பதிஞ்சு வைங்கடா!" என்று கத்தினார் செங்கோடன்.

பூவரசன் கழுத்து மாலையோடு மண்டபத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தை மாத முகூர்த்தம் ஒன்றுக்குத் தன் பெயரைப் பதிந்தான். 'அன்றைக்கு ஏற்கெனவே ஐந்து கல்யாணம் இருக்கிறது, பிரமாதம், தாராளமாக வாருங்கள்' என்றது ஏஐ.

"பாத்தியா, கத்துக்கிச்சு!" என்று பூரித்துப்போனான் மாதேசன்.

புதுப்பெண் சிவகாமி எட்டிப் பார்த்தாள். "தையில யாருக்குங்க கல்யாணம்?"

"எனக்குத்தான்."

"பொண்ணு யாருங்க?"

"அதெல்லாம் இனிமேத்தான் பாக்கோணும்," என்றான் பூவரசன். "மொதல்ல மண்டபம் கெடைக்கோணுமல்ல?"