தளவாய்க்கு விழுந்த வெட்டு

கொன்றையூர் மன்னர் மாறவேளுக்குப் போரில் ஆசை கிடையாது. ஆட்டத்தில்தான் ஆசை. அதுவும் நாட்டாட்டம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஒரு துணியை விரிப்பார்கள். அதில் மலை, ஏரி, ஊர், காடு எல்லாம் கட்டம் கட்டமாகத் தீட்டியிருக்கும். ஆளுக்கு ஒரு கட்சி. தாயக்கட்டையை உருட்டிக் காயை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் மட்டும் போதாது. அந்தக் கட்சியின் ஆளாகவே மாறிப் பேசவும் வேண்டும். வணிகர் கட்சி என்றால் வணிகனாக, அசுரர் கட்சி என்றால் அசுரனாக.

இந்த ஆட்டங்களைக் கட்டிக் கொடுப்பவர் அரசவைப் புலவர் பேயாண்டி. ஒருநாள் மன்னர் அவர் கண்ணெதிரே துணியைச் சுருட்டித் தள்ளினார்.

“சலித்துவிட்டது, புலவரே. உம்முடைய ஆட்டத்தில் அசுரன் என்றால் கோரைப்பல். முனிவன் என்றால் வெள்ளைத் தாடி. யாரை அடிக்க வேண்டும் என்று துணியை விரித்ததுமே தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு விளையாடுவது?”

“வேறு எப்படி வேண்டும், மகாராஜா?”

“எந்தக் கட்சியும் முழுக்க நல்லதாக இருக்கக் கூடாது. முழுக்கக் கெட்டதாகவும் இருக்கக் கூடாது. அடிக்கக் கை ஓங்கினால் மனசு உறுத்த வேண்டும். அப்படி ஒன்று கட்டும்.”

பேயாண்டி தலையசைத்தார். அது அவருக்குப் பெரிய காரியமில்லை. அவருடைய மாமனார் வீட்டில் எல்லோருமே அப்படித்தான்.

அப்போது தளவாய் கங்கைமுத்து கனைத்தார். தம்முடைய மீசையைப் பற்றிச் சபையில் புலவர் கேலியாகப் பாடிய வெண்பா அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

“அருமையான யோசனை, மகாராஜா. ஒரு கட்சி அரண்மனையாக இருக்கட்டும். அதைத் தாங்களே ஆடலாம். விதி எல்லாக் கட்சிக்கும் ஒன்றுதானே? புலவரால் முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும்.”

“ஆகட்டும். பௌர்ணமிக்குள்” என்றார் மன்னர், யோசிக்காமல்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் பேயாண்டிக்கு உறைத்தது. அரண்மனை முழுக்க நல்லது என்று எழுதினால் விதி தப்பிவிடும்; ஊரைவிட்டுப் போக வேண்டும். அரண்மனையில் கெட்டதும் உண்டு என்று எழுதினால் ராஜநிந்தனை. உலகத்தை விட்டே போக வேண்டும்.

விஷயத்தைக் கேட்ட மனைவி சிவகாமு, “மூட்டை கட்டட்டுமா?” என்றாள்.

“பொறு. தளவாய்க்குத் தோற்கத் தெரியுமா?”

“போன ஆட்டத்தில் தோற்றுப்போய்த் தாயக்கட்டையை அரண்மனைத் தாமரைக் குளத்தில் எறிந்தாரே, அவரா?”

“அவரேதான்” என்று பேயாண்டி தூரிகையை எடுத்தார்.

பௌர்ணமியன்று காலை சபையில் புதுத் துணி விரிந்தது. மழை பொய்த்த நாடு. ஒரே ஏரி. மடைக்காரர் கட்சி மடையை அடைத்துத் தண்ணீரைக் காப்பாற்றுகிறது. அதனாலேயே கீழூர்ப் பயிர் கருகுகிறது. கள்ளர் கட்சி மடையை உடைத்துக் கீழூருக்குத் தண்ணீர் விடுகிறது. போகிற போக்கில் விதைநெல்லையும் அள்ளிக்கொண்டு போகிறது. மூன்றாவது அரண்மனை. அழகான கோட்டை, நடுவே தளும்பத் தளும்ப ஒரு தாமரைக் குளம். அவ்வளவுதான்.

“அரண்மனையில் கெட்டது எங்கே, புலவரே?” என்று தளவாய் மீசையைத் தடவினார்.

“ஆடிப் பார்ப்போமே. நான் மடைக்காரன். தாங்கள் கள்ளர்.”

“நான் கள்ளனா?”

“தங்களைப் போன்ற வீரர் ஆடினால்தான் கள்ளர் ஜெயிக்க முடியும்.”

தளவாய் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

நாலு உருட்டலுக்குள் சூடு பிடித்துவிட்டது.

“திருட்டுப் பயலே, மடையைத் தொட்டால் கை இருக்காது!” என்றார் பேயாண்டி.

“கீழூர்ப் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. நீ மடைமேல் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாயா?” என்றார் தளவாய்.

மன்னர் கட்டையை உருட்டினார். “அரண்மனைக் காவலர் கள்ளரைப் பிடிக்கப் புறப்படுகிறார்கள்!”

பேயாண்டி கைகூப்பினார். “அரண்மனை வாழ்க! நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஏரியில் ஒரு குடம் தண்ணீர் மிஞ்சுமா? இப்படி ஒரு நியாயம் எந்த நாட்டில் உண்டு!”

தளவாய்க்குத் தோல்வி கண்ணில் தெரிந்தது. மீசை துடித்தது.

“நியாயமா? ஊரே நாக்கு வறண்டு கிடக்கிறது. அங்கே தாமரைக்கு இடுப்பளவு தண்ணீர்! குளத்தைத் திறந்துவிட்டால் ஒரு போகம் விளையும். அதற்குத் துப்பில்லை, கள்ளனைப் பிடிக்க வந்துவிட்டார்கள்! உண்மையான கள்ளன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா?”

நீட்டிய விரல் நேராக மன்னரின் மார்புக்கு எதிரே நின்றது.

சபையில் விசிறி வீசியவள்கூட நிறுத்திவிட்டாள். விரல் மெதுவாக மடங்கியது.

“அது... நான் இல்லை, மகாராஜா. கள்ளன் சொன்னது.”

“கள்ளன் சொன்னதாகவே இருக்கட்டும்” என்று பேயாண்டி எழுந்து வணங்கினார். “அரண்மனை நல்லது என்று ஒரு கட்சி சொன்னது. கெட்டது என்று இன்னொரு கட்சி சொன்னது. தாங்கள் கேட்டது இதுதானே, மகாராஜா? நல்ல பாதி அடியேன் கைவேலை. மறுபாதி தளவாயுடையது.”

மன்னர் துணியில் இருந்த குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் போட்டார். ஐந்து விழுந்தது. காயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக் கள்ளர் கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்.

“வெட்டு!” என்றார்.

தளவாய் தடாலென்று அவர் காலில் விழுந்தார். “மகாராஜா, உயிர்ப்பிச்சை கொடுங்கள்! பிள்ளைகுட்டிக்காரன்!”

மன்னர் திகைத்தார். அப்புறம் புரிந்தது. கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பேயாண்டிக்குப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் குளத்து மதகைத் திறந்துவிடச் சொல்லுங்கள்” என்றார். துணியில் இருக்கும் குளத்தையா, வெளியே இருக்கும் குளத்தையா என்று யாரும் கேட்கவில்லை. கொன்றையூரிலும் அந்த வருஷம் மழை இல்லை.

தளவாய் மட்டும் இன்னும் குப்புறவே கிடந்தார். பேயாண்டி குனிந்து அவர் காதருகே சொன்னார்:

“எழுந்திருங்கள், தளவாயே. வெட்டுப்பட்டது காய்தான். தாயம் விழுந்தால் மறுபடி உள்ளே வரலாம்.”