வாசலைப் பார்த்த செருப்பு

விருந்தாளியை விடாமல் பிடித்து வைப்பதில் சங்கரன்கோவில் கோமதிநாயகத்தை அடிக்க ஆள் கிடையாது. பாத்திரக்கடை முதலாளி. வந்தவர் கிளம்புகிறேன் என்று எழுந்தால் பையைப் பிடுங்குவார், இல்லையென்றால் வண்டிச் சாவியை மடியில் முடிந்துகொள்வார். அதுவும் பலிக்கவில்லையா, செருப்பை ஒளித்து வைத்துவிடுவார். எல்லாம் பிரியத்தில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன தீபாவளிக்கு மகள் சங்கரியின் செருப்பையும் அப்படித்தான் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். அவள் வீடெல்லாம் தேடி ரயிலை விட்டாள். இரண்டாம் நாள் காலையில் ஹைதராபாத்தில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. அதுவும் போயிற்று. அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். பொங்கலுக்கு வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை.

போனில் கேட்டால் ஒரே பதில். "வந்தா விடமாட்டீங்கப்பா. அதான் வரல."

மனுஷன் சுருண்டுவிட்டார். கூடப் படித்த சேவியரும் ஆவுடையப்பனும் பார்த்தார்கள். ஆடி மாதம், கடையில் வியாபாரம் மந்தம். ஆளைக் கிளப்பி ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சேவியர் வெகுகாலம் அங்கே ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்த பாஷை அவருக்கு நன்றாக வரும்.

மலைமேல் ஒரு புத்தர் கோயில். வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்துச் சோறு போடுவது அங்கே வழக்கம். நடத்துகிறவர் மியோயென் என்ற பிக்குணி. நாற்பது வயது இருக்கலாம்.

"இவங்ககிட்ட உபசாரம் படிக்கதுக்குன்னே ஆளுக வருவாங்கவே" என்றார் சேவியர்.

"அப்பன்னா என்னையும் சிஷ்யனாச் சேத்துக்கிடச் சொல்லும்" என்றார் கோமதிநாயகம்.

சேவியர் சொன்னார். பிக்குணி சிரித்துக் குனிந்து வணங்கினார். சரி என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார்கள். கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். பிக்குணி மண்டி போட்டு உட்கார்ந்து, மூன்று ஜோடியையும் எடுத்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவே இது! உள்ள காலெடுத்து வைக்கல, அதுக்குள்ள போங்கன்னு சொல்லுதாங்க?"

"இங்கன அப்படித்தான்வே."

"நம்ம ஊர்ல செஞ்சா சம்பந்தமே முறிஞ்சிரும்."

கொஞ்ச நேரத்தில் குளிரக் குளிர பார்லித் தண்ணீர் வந்தது. "நீர்க்கடுப்புக்குல்லா இதைக் குடிப்போம்" என்று முனகிக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தார். வெயிலில் மலையேறி வந்த தொண்டைக்கு அமிர்தமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு செருப்பிலேயே கிடந்தது. நைசாகப் போய்த் தன் ஜோடியை மட்டும் உள்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது வாசலைப் பார்த்து இருந்தது.

மறுபடி திருப்பினார். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி வாசலைப் பார்த்து இருந்தது. தங்கிய நாளெல்லாம் இந்தக் கூத்துதான். செருப்பைப் பற்றி அவரும் பிக்குணியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆவுடையப்பன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

கவனிப்பில் குறை சொல்ல முடியாது. வெங்காயம் பூண்டு இல்லாத சமையல். அதிலேயே வேளைக்கொரு ருசி. கோமதிநாயகத்துக்கு முழங்கால் மடங்காது என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டு, அவருக்கு மட்டும் ஒரு குட்டை நாற்காலி வந்திருந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்ற வற்புறுத்தல் கிடையாது. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், சிள்வண்டுச் சத்தத்துக்கு நடுவே, கேட்டேவிட்டார்.

"அம்மா, பெத்த பிள்ளை வீட்ல தங்கணும்னா என்ன செய்யணும்?"

சேவியர் மொழிபெயர்த்தார். பிக்குணி விசிறியைக் கீழே வைத்தார்.

"என்ன செய்து பார்த்தீர்கள்?"

கோமதிநாயகம் சொன்னார். ரயிலை விட்ட இடம் வந்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். சேவியர்தான் மீதியைச் சொன்னார்.

"அந்தச் செருப்பு இப்போது எங்கே?"

"டிரம்முக்குள்ளதாம்மா கெடக்கு. எடுக்க மனசு வரல."

பிக்குணி தலையசைத்தார். "நாளைக்குச் சொல்கிறேன்."

விடிந்தது. சோற்று உருண்டைகளை இலையில் பொதிந்து ஆளுக்கொன்று கொடுத்தார். மலைப்பாதைச் சேறு போகத் துடைத்த செருப்புகள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தன. மழை வரும் என்று ஒரு குடையும் வைத்திருந்தார். "பார்த்துப் போங்கள்" என்று குனிந்தார். அவ்வளவுதான்.

கோமதிநாயகத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். பிக்குணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கல்படி இறங்கித் திரும்பிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தபோதும் அதே இடத்தில் நின்று, கையைத் தூக்கி அசைத்தார்.

பஸ் வந்தது. ஆவுடையப்பன் ஏறிவிட்டார்.

"பதில் சொல்லலையேவே அவங்க" என்றார் கோமதிநாயகம்.

"ஏறும், ஏறும்! இதை விட்டா மத்தியானந்தான் அடுத்த வண்டி!"

மனுஷன் ஏறவில்லை. விறுவிறுவென்று மேலே நடக்க ஆரம்பித்துவிட்டார். "வே கோமதி! வண்டி போயிரும்வே!" என்று கத்திக்கொண்டே சேவியர் பின்னால் ஓடினார். ஆவுடையப்பனோடு வண்டி போயேவிட்டது.

கோயில் வாசலில் செருப்பை உதறிவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறினார்.

"நாளைக்குச் சொல்லுதேன்னீங்க, சொல்லல. இன்னொரு நாள் இருங்கன்னு ஒத்த வார்த்தை, பேச்சுக்குக்கூட நீங்க சொல்லலையேம்மா!"

சேவியர் இரைத்துக்கொண்டே அதை அப்படியே சொன்னார்.

பிக்குணி மண்டி போட்டு, பக்கத்துக்கொன்றாகக் கிடந்த செருப்புகளை எடுத்துச் சேர்த்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு நிமிர்ந்து மெல்ல ஏதோ சொன்னார்.

கோமதிநாயகம் சேவியரைப் பார்த்தார்.

"என்னவே சொன்னாங்க?"

"'நான் சொல்லல. ஆனா நீங்க வந்துட்டீங்களே'ங்காங்க."