இடப்பக்கத்து எலும்பு

ஒரு வாய் இருந்தது. அதற்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கோவில்பட்டிச் சங்கரவடிவின் வாய் அது. கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊர் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஓயாத வேலை.

ஒருநாள் தையல் வகுப்பு எடுக்கப் போகும் வழியில் சங்கரவடிவு ஸ்கூட்டரோடு விழுந்தாள். கீழ்வாயில் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டு உடைந்து, பிடுங்கும்படி ஆகிவிட்டன. அவற்றைத் தாங்கிய தாடையெலும்பு துடித்துப்போனது.

வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல் இளகிய மனசுள்ளது. "நீ சும்மா இரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றது. முறுக்கோ சீடையோ எது வந்தாலும் முந்திக்கொண்டு தானே வாங்கிக்கொண்டது.

எலும்புக்குக் காதுதான் பக்கத்து வீடு. அதே வார்த்தை வெளியிலிருந்தும் கேட்டது; சொன்னது சங்கரவடிவின் கணவன் இசக்கியப்பன். அவன் ஸ்கூட்டருக்குத் தார்ப்பாயைப் போர்த்தி, சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டான். எங்கே போவதானாலும் அவனே பைக்கில் கொண்டுபோய் விட்டான். தையல் வகுப்பு நின்றுபோனது. அவன் செய்ததெல்லாம் பாசத்தில்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மூன்று வருஷம் ஆயிற்று. ஊர்வம்புக்கு அலையும் நாக்கு ஒருநாள் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துப் பதறியது. "என்னடே, பாதியாப் போயிட்ட?"

"யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. இருந்து என்ன செய்ய?" என்றது எலும்பு.

கடைசியில் புதுப்பல் வைக்கலாம் என்று கிளம்பினார்கள். பல் டாக்டர் ஜமீலா ஸ்கேன் படத்தைக் காட்டினார். அது எலும்பா நூலா என்று இசக்கியப்பன் கேட்டான். புதுப்பல்லைத் தாங்கும் திருகாணி இதில் நிற்காது, முதலில் எலும்பை வளர்க்க வேண்டும் என்றார் டாக்டர். எலும்பு வெட்கத்தில் குறுகிப்போனது.

ஏன் இப்படி ஆனது என்று சங்கரவடிவு கேட்டாள்.

"பல்லு போனா எலும்புக்கு வேலை இல்ல. வேலை இல்லாத எலும்ப உடம்பு வச்சுக்காதும்மா" என்றார் டாக்டர்.

பள்ளத்தில் எலும்புத் துகளை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு போர்த்தித் தையல் போட்டார்கள். நமக்குப் பதிலாக ஆள் வந்தாயிற்று என்று எலும்பு நினைத்துக்கொண்டது. துகள்கள் அப்படியில்லை என்றன. "நாங்க கட்டடத்துக்குக் கட்டுற சாரம் மாதிரிதான். நீதான் ஏறி வரணும். நீ வளர வளர நாங்க கரைஞ்சிருவோம்."

"நான் வளரலைன்னா?"

"அப்ப இது வெறும் பொடி."

மூன்று வருஷத்தில் முதல்முறையாக யாரோ அதனிடம் ஒன்றைக் கேட்டிருந்தார்கள். எலும்பு இழை இழையாக ஏறத் தொடங்கியது. ஆறு மாதம் கழித்துத் திருகாணி உள்ளே இறங்கி, "தாங்குவியா?" என்றது. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மேலும் மூன்று மாதம் பொறுத்துப் பல்லும் ஏறியது.

இனி அந்தப் பக்கமும் கடிக்க வேண்டும், பாவம் என்று விட்டுவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

வாசலில் இசக்கியப்பன் ஆசையாகக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். பழக்கதோஷம், சங்கரவடிவு அதை வலப்பக்கம் ஒதுக்கினாள். கடைவாய்ப்பல்லும் வழக்கம்போல, "நீ சும்மா இரு" என்று ஆரம்பித்தது.

"எனக்குக் குடு" என்றது எலும்பு.

"மறுபடி உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"விழுந்ததுல நான் கரையல. உன் பாசத்துலதான் கரைஞ்சேன்."

கடைவாய்ப்பல்லுக்கு உள்ளூர அழுகை வந்தது. நாக்கு மட்டும் மிட்டாயை மெல்ல இடப்பக்கம் தள்ளிவிட்டது. கடக்கென்று ஒரு சத்தம். எலும்பு அசையவில்லை. சங்கரவடிவின் கண் நிறைந்துவிட்டது.

இசக்கியப்பன் பைக்கைக் கிளப்பி, ஏறு என்றான். நாளைக்குச் சந்தைக்குப் போகிற வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

சங்கரவடிவு ஏறவில்லை. மிட்டாயை மென்று முடித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சும்மா இருந்த எலும்பு என்ன ஆச்சுன்னு படத்துல பாத்தீங்கல்லா? ஸ்கூட்டர் சாவியக் குடுங்க."