ஏழாவது ஓட்டம்

"கடல்ல எறங்குதவன் மொதல்ல..."

பெரியப்பா இப்படித்தான் ஆரம்பிப்பார். முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது ஜெர்வினுக்கு மறந்துபோயிற்று. கடல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன், கடல்சார் பொறியியலை மைனராக, அதாவது துணைப் பாடமாக எடுத்தான்.

இப்போது அதை விடுவதற்கான படிவத்தோடு, மெஷினால் அலை கிளப்பி அளக்கும் அலைத்தொட்டிக் கூடத்தில் நின்றான். இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும்.

"ஒரு கையெழுத்து, மேடம்."

பேராசிரியர் ஆபிதா வாங்கிப் படித்தார்.

"ஏன் விடுற?"

"அலை ஒத்துவர மாட்டேங்கு, மேடம். மெஷின்ல ஒரே உயரம் வச்சு ஆறு தடவை ஓட்டிட்டேன். ஆறு தடவையும் ஆறு உயரம். எங்க டிபார்ட்மெண்ட்ல சுவிட்சைப் போட்டா லைட் எரியும். உங்க தண்ணி சொன்ன பேச்சு கேக்கல."

"ஆறு தடவைக்கும் சேர்த்து எவ்வளவு நேரம்?"

"பத்தே நிமிஷம்," என்றான். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆபிதா சிரிப்பை விழுங்கிக்கொண்டார். ஒரு காகிதத் துணுக்கைக் கிள்ளி, நீளமான கண்ணாடித் தொட்டியில் மிதக்கவிட்டார்.

"இது ஆடாம நிக்கிறப்ப கூப்பிடு. கையெழுத்துப் போடுறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மெஷின் எப்போதோ நின்றிருந்தது. துணுக்கு ஆடியது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆடியது.

விரலால் பிடித்து நிறுத்திப் பார்த்தான். இன்னும் நன்றாக ஆடியது.

"தொடாதே," என்றார் ஆபிதா, தலை நிமிராமலே.

வேறு வழியில்லாமல் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான். கண்ணுக்குப் பட்டும் படாத அளவு சின்ன அலை ஒன்று மறுகோடி வரை போயிற்று. அங்கே முட்டியது. திரும்பி வந்தது. இந்தக் கோடியில் முட்டி, மறுபடி போயிற்று. அவன் கிளப்பியதுதான். முதல் தடவையா, ஐந்தாவதா, யார் கண்டது. இதன் மேல்தான் அடுத்தடுத்த அலையை ஏற்றிவிட்டு அளந்திருக்கிறான்.

பெரியப்பா படகைத் தள்ளுமுன் மணலில் கடலைப் பார்த்தபடி வெறுமனே உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. சோம்பேறித்தனம் என்றுதான் அப்போது நினைத்திருந்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"மேடம், நின்னுடுச்சு."

ஆபிதா பேனா மூடியைத் திறந்தார். "கொடு."

"இது நிக்க இருபது நிமிஷம் ஆச்சு, மேடம்."

"ஆகும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"முதல் வகுப்புல சொன்னேன். நீ போன் பார்த்துக்கிட்டிருந்தே."

ஜெர்வின் படிவத்தைக் கவிழ்த்துப் போட்டான். அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதினான்: ஏழாவது ஓட்டம். முன்னதாகக் காத்திருந்தது, இருபது நிமிடம்.