மூச்சு விடும் இடம்

ஒரு காட்டின் நடுவே பெரிய சதுப்பு நிலம் இருந்தது. அதன் கிழக்குக் கரையில் நான்கு விலங்குகள் சேர்ந்து பித்தளை வாத்தியம் ஊதி வந்தன.

மந்தி கொழுந்து எக்காளம் ஊதும். பெண் மிளாமான் செவந்தி வளைந்த கொம்பு ஊதும். காட்டுப்பன்றி கிழங்கனுக்கு நீளமான தாரை. கரடி கருப்பட்டிக்குப் பெருங்கொம்பு. அந்தக் கொம்பின் வாய் இருக்கிற அகலத்துக்கு ஒரு முயல் உள்ளே குட்டி போட்டுக் குடியிருக்கலாம். மானுக்கும் பன்றிக்கும் கை இல்லை அல்லவா? அதனால் அவற்றின் வாத்தியங்களை மரக்கவையில் வைத்துக் கொடியால் கட்டியிருந்தது கொழுந்து. உதட்டைக் கொண்டுபோய் வைத்தால் போதும்.

இந்த நான்கும் கல்யாணத்துக்கு ஊதுகிற கோஷ்டி அல்ல. மார்கழிப் பனி இறங்கும்போது மேற்குக் கரையில் புல் தீர்ந்துபோகும். மான்கூட்டம் சதுப்பைக் கடந்து கிழக்கே வந்தாக வேண்டும். வெயில் ஏறிய பின் வந்தால் செந்நாய்கள் பார்த்துவிடும். பனிக்குள் வந்தால் வழி தெரியாது. சதுப்பின் குறுக்கே கெட்டியான தரை ஒற்றையடிப் பாதை அளவுக்குத்தான் உண்டு. அதை விட்டு விலகிக் கால் வைத்தால் சேறு திருப்பித் தராது.

ஆகவே பாதை வந்து முடிகிற இடத்தில் நின்று நான்கும் ஊதும். எதிரே வெள்ளையாக ஒன்றுமே தெரியாத பனிக்குள் மான்கள் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்து வரும். பெருங்கொம்பின் தணிந்த ஒலிதான் வழிகாட்டும். அது பனியைத் துளைத்துக்கொண்டு போய் மான்களின் குளம்பில் அதிரும். மேலே ஓடும் எக்காளப் பாட்டு, குட்டிகள் பயப்படாமல் இருப்பதற்காக மட்டுமே.

தணிந்த ஒலி நடுவில் அறுந்துவிடக் கூடாது என்பது அங்கே வழிவழியாக வந்த ஏற்பாடு. கருப்பட்டி மூச்சு வாங்கும்போது கிழங்கன் பிடித்துக்கொள்ளும். கிழங்கன் விடும்போது கருப்பட்டி பிடித்துக்கொள்ளும். கேட்கிறவர்களுக்கு ஒரே கொம்பு ஓயாமல் ஊதுவதுபோல இருக்கும்.

யார் எங்கே ஊதுவது, எங்கே நிறுத்துவது என்று பாட்டைப் பிரித்துக் கொடுப்பது கொழுந்தின் வேலை. தட்டையான ஒரு பாறைமேல் ஆளுக்கு ஒரு வரிசையாக இலைகளை அடுக்கி, பறக்காமல் கல் வைக்கும். நீள இலை என்றால் நீள ஒலி, சின்ன இலை என்றால் சின்ன ஒலி. இலை இல்லாத வெற்றிடம் மூச்சு விடும் இடம்.

கொழுந்து கெட்டிக்காரிதான். ஒரு குயில் கூவினால் போதும், அதை நாலு வாத்தியத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் அந்த வருஷம் அதற்குப் பழைய பாட்டு சலித்துப்போயிருந்தது. கருப்பட்டியின் வரிசையைப் பார்த்தது. ஓர் இலை, ஒரு வெற்றிடம், ஓர் இலை, ஒரு வெற்றிடம். பல் விழுந்த கிழவன் வாய் மாதிரி அசிங்கமாக இருக்கிறதே என்று முகம் சுளித்தது. கிழங்கனின் தாரை அடியில் கிடந்து முனகுவதும் அதற்குப் பொறுக்கவில்லை. அந்தத் தாரை மேலே ஏறி வந்து தன் எக்காளத்தோடு பின்னிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்!

நினைத்ததைச் செய்தும் விட்டது. கிழங்கனின் இலைகளை எடுத்துத் தன் வரிசைக்குப் பக்கத்தில் வைத்தது. அடியில் கருப்பட்டியின் வரிசை மட்டும் தனியாக நின்றது. அதன் வெற்றிடங்களில் எல்லாம் தேக்கிலைகளை வைத்து அடைத்தது. தள்ளி நின்று பார்த்தபோது பாறையில் கை வைக்க இடம் இல்லை. கொழுந்துக்கு உச்சி குளிர்ந்தது.

கருப்பட்டி வந்து வரிசையை முகர்ந்து பார்த்தது. "கொழுந்து, எனக்கு மூச்சு விட இடமே காணோமே?"

"உங்களுக்கா அண்ணே?" என்று சிரித்தது கொழுந்து. "நான் இத்தனூண்டு உடம்பை வச்சுக்கிட்டு விடாம ஊதுறேன். மலை மாதிரி இருக்கீங்க, உங்களுக்கு மூச்சுக்கு என்ன பஞ்சம்?"

கிழங்கனும் உறுமிச் சிரித்தது. புதுப் பாட்டில் தனக்குக் கிடைத்த பங்கு அதற்கு மிகவும் பிடித்திருந்தது. கருப்பட்டி தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டது. யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லாத கரடி அது. "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தது.

செவந்தி மட்டும் விடவில்லை. "உன் எக்காளம் குடிக்கிறது ஒரு கை காத்து, கொழுந்து. அண்ணனோட கொம்பு ஆளையே குடிக்கும். பெரிய கொம்புக்குத்தான் மூச்சு அதிகம் வேணும். ஒரு தடவை முழுசா ஊதிப் பார்த்துடலாம்."

"முழுசா ஊதினா எல்லாருக்கும் உதடு வீங்கிடும் அக்கா. அன்னைக்கு ஊத உதடு வேணாமா? துண்டு துண்டா ஊதிப் பார்த்தாப் போதும்."

உதட்டைப் பற்றிக் கொழுந்து சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் செவந்தியும் ஒத்துக்கொண்டது. துண்டு துண்டாக ஊதிப் பார்த்தன. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் கருப்பட்டி ஓய்வு எடுத்துக்கொண்டது, அதனால் குறை எதுவும் தெரியவில்லை. பாட்டு உண்மையிலேயே அழகாக இருந்தது. கேட்க வந்த நரிகள்கூட ஊளையிட மறந்து உட்கார்ந்திருந்தன.

செவந்திக்கு அந்த மழைக்காலத்தில் ஒரு பெண்குட்டி பிறந்திருந்தது. நெற்றியில் வெள்ளை இருந்ததால் பொட்டு என்று பெயர். மேற்குக் கரையில் தன் தங்கையிடம் குட்டியை விட்டுவிட்டு, ஊதுவதற்காகச் செவந்தி முன்னதாகவே கிழக்கே வந்திருந்தது. வருவதற்கு முன் குட்டியிடம் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தது. "சத்தம் எங்கேயிருந்து வருதோ, அங்கே அம்மா இருப்பேன். சித்தி பின்னாலேயே நட."

பனி இறங்கிய காலை வந்தது. மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. மேற்கே மான்கள் பாதையில் இறங்கும் சத்தம் கேட்டதும் நான்கும் ஊதத் தொடங்கின.

கொழுந்து கண்ணை மூடிக்கொண்டு ஊதியது. தாரை கூடவே ஏறி வந்தது, இறங்கி வந்தது. தான் பாறையில் அடுக்கியது இப்படிக் காற்றில் எழுந்து நிற்பதைக் கேட்க அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முன்னால் வந்த மான்கள் சில கரையேறின. பெருங்கொம்பின் ஒலி லேசாக நடுங்கியது கொழுந்தின் காதில் விழத்தான் செய்தது. இந்த அடி முடிந்தால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு மேலே போனது.

சரியாகவில்லை. பெருங்கொம்பு நின்றுவிட்டது.

கொழுந்து கண்ணைத் திறந்து பார்த்தது. கருப்பட்டி முழங்கால் மடிந்து தரையில் கிடந்தது. உதடு வெடித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. விலா மட்டும் ஏறி இறங்கியது. பனிக்குள் வந்துகொண்டிருந்த குளம்புச் சத்தமும் அப்படியே நின்றுபோயிற்று.

வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பித்தானே கொழுந்துக்குப் பழக்கம்? எக்காளத்தைத் தூக்கித் தன் பலம் முழுவதையும் திரட்டி ஊதியது. அந்த மெல்லிய கூர்மையான ஒலி, தெற்கே நின்ற மொட்டைப் பாறையில் மோதியது. மோதி, அங்கிருந்தே யாரோ ஊதுவதுபோலத் திரும்பி வந்தது. பனிக்குள் குளம்புகள் மறுபடி அசைந்தன. சில தெற்குப் பக்கமாக அசைந்தன.

"நிறுத்து கொழுந்து!" என்று அலறியது செவந்தி. "பாறையில பட்டுத் திரும்புது. வழி மாறுறாங்க."

கொழுந்து எக்காளத்தை வாயிலிருந்து எடுத்தது. அதற்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் பாட்டு யாரையும் கரை சேர்க்காது. இனி ஒரு நொடியும் வீணாக்க முடியாது.

"கிழங்கா, பாட்டை விடு. அடியில பிடி. அண்ணன் மூச்சு வாங்கட்டும். அக்கா, கிழங்கன் விடறதுக்கு முன்னாடி நீ தணிச்சு ஊது. அப்புறம் அண்ணன்."

"அப்போ நீ?" என்றது கிழங்கன்.

"நான் ஊதலை."

எக்காளத்தைச் சேற்றில் கவிழ்த்து வைத்தது. மூவருக்கும் நடுவில் நின்று, யார் முறை என்று கையால் காட்டியது. ஒருவருடைய விலா ஒடுங்கும்போது அடுத்தவருக்குக் கையைத் தூக்கியது. பாட்டு இல்லை, அழகு இல்லை. ஒரே ஒரு தணிந்த ஒலி மட்டும் அறாமல் போயிற்று. சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு மானின் கொம்பு தெரிந்தது, பிறகு ஒரு முகம். மான்கள் ஒவ்வொன்றாகக் கரையேறத் தொடங்கின.

செவந்தி ஊதிக்கொண்டே ஒவ்வொரு முகத்தையும் பார்த்தது. அதன் தங்கை கரையேறியது. பின்னால் குட்டி இல்லை.

குட்டி எங்கே என்று கேட்கச் செவந்தியால் முடியவில்லை. அப்போது ஊதுவது அதன் முறை. உதடு கொம்பில் இருந்தது. பின்னால் இன்னும் பாதிக் கூட்டம் பனிக்குள் நின்றது.

தங்கையே அழுதுகொண்டு சொன்னது. "பெரிய சத்தம் நின்னுபோச்சுக்கா. எக்காளம் தெக்காலேயிருந்து கேட்டுச்சு. அம்மா அங்கதான் இருக்கான்னு ஓடிட்டா. நான் கூப்பிட்டேன். நிக்கவே இல்லை."

செவந்தியின் கொம்பு நடுங்கவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கிப் பித்தளையில் சொட்டியது. கொழுந்து கையைத் தூக்கிக் கிழங்கனைக் காட்டியது. கிழங்கன் பிடித்துக்கொண்டது. செவந்தி விடவில்லை.

"அக்கா, உன் முறை முடிஞ்சுது" என்றது கொழுந்து. செவந்தி ஊதிக்கொண்டே இருந்தது. கடைசி மான் கரையேறிய பிறகும் மற்ற இரண்டும் நிறுத்தவில்லை. இன்னும் ஒருத்தி வர வேண்டியிருக்கிறது என்று சொல்லாமலே மூன்றும் மாற்றி மாற்றி ஊதின.

பனி விலகியது. சதுப்பு பளிச்சென்று தெரிந்தது. பாதையின் நடுவிலிருந்து சின்னக் குளம்புத் தடங்கள் மொட்டைப் பாறையைப் பார்த்துப் போயிருந்தன. கொஞ்ச தூரம் போயிருந்தன. அதற்கு அப்பால் சேறு சமமாக இருந்தது.

கொழுந்து போய்ச் செவந்தியின் காலடியில் விழுந்தது. "என்னாலதான் அக்கா."

செவந்தி அந்தத் தடங்களையே பார்த்தது. பிறகு சொன்னது. "அண்ணன் சொன்னாரு. நானும் சொன்னேன். நீ கேக்கலை."

எட்டி உதைத்திருந்தால்கூடக் கொழுந்துக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கருப்பட்டியின் உதடு ஆறியதும் கொழுந்து அதை இலை அடுக்கிய பாறைக்கு அழைத்து வந்தது. "அண்ணே, ஊதுங்க. நான் பாட்டைக் கேக்கலை, உங்க விலாவைப் பார்க்கிறேன்" என்றது. விலா ஒடுங்கிய இடத்திலெல்லாம் தேக்கிலையை எடுத்துவிட்டது. சில இடங்களில் கருப்பட்டி வெட்கப்பட்டு மூச்சை இழுத்துப் பிடித்தது. "இழுக்காதீங்க அண்ணே" என்று சொல்லி அந்த இலையையும் எடுத்தது. கிழங்கனை முறைப்படி அடிவரிசைக்குக் கொண்டுவந்தது. கிழங்கன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஒத்துக்கொண்டது. கடைசியாகத்தான் தன் வரிசையை அடுக்கியது. அதில் இலைகள் மிகவும் குறைவு.

அப்போது செவந்தி வந்து நின்றது. எல்லா வரிசைகளையும் பார்த்தது. தன் வரிசையின் நடுவில் இருந்த ஒரு நீள இலையை வாயால் மெல்ல எடுத்துக் கீழே போட்டது.

"இந்த இடம் இப்படியே இருக்கட்டும்" என்றது. "யாரும் நிரப்ப வேணாம்."

அடுத்த மார்கழியிலும் அதற்குப் பிறகு வந்த மார்கழிகளிலும் நான்கும் அப்படியேதான் ஊதின. அந்த இடம் வரும்போது வளைந்த கொம்பு மௌனமாகிவிடும். பெருங்கொம்பும் தாரையும் அடியில் அறாமல் தாங்கிக்கொண்டு போகும். பனிக்குள் நடந்து வரும் தாய்மான்கள், யாரும் சொல்லாமலே, அங்கே ஒரு கணம் நின்று தங்கள் குட்டிகளை நெருக்கி அணைத்துக்கொண்டு நடக்கும்.

பிறர் தாங்கக்கூடிய அளவை அவரிடம் கேட்டறியாமல், தான் விரும்பும் அழகுக்காக அவர்மேல் சுமை ஏற்றினால், அதற்குரிய விலையை ஒரு பாவமும் அறியாத இன்னொருவர் கொடுக்க நேரும்.